திரும்புதல் யாரிடம்? ‘தாமரையில் யூதன்’ நூலை முன்வைத்து

கொடைக்கானல் நகரிலிருந்து சிறிது தொலைவில் வட்டக்கானல் என்னும் மலைச்சிற்றூர் இருக்கிறது. கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு முதுகுமூட்டையுடன் இந்தியாவைச் சுற்றிவரும் இஸ்ரேலிய இளைஞர்கள் பருவந்தோறும் அங்கே வந்து தங்குவது பல்லாண்டு வழக்கம். துவாக்குடியில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் நண்பர்களுடன் அங்கே போய்வந்தார். வெள்ளிக்கிழமை அந்திப்பொழுதில் கறுப்புத் தொப்பியும் தாடியுமாக ஒருவர் வழியில் நின்று, எதிர்ப்பட்ட இளைஞர்களையெல்லாம் ஏதோ கேட்டு அழைத்துக்கொண்டிருந்ததைக் கண்டாராம். காதில் வளையமும் சடைமுடியுமாக வந்தவர்களில் சிலர் நழுவினர்; சிலர் சிரித்துக்கொண்டே உடன் சென்றனர். “நம்ம ஊர்ல அஸருக்கு அப்புறம் ஜமாஅத்துக்காரங்க கஷ்துக்கு வர்ற மாதிரியே இருந்துச்சு சார். அவங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது. சமயத்தைக் கைவிட்ட யூதர்களை மீண்டும் அனுஷ்டானத்துக்கு அழைப்பதையே தம் பணியாகக் கொண்ட இயக்கங்கள் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகின. அவ்வாறு மீண்டவரை ‘பஅல் தெஷுவா’ என்பர். திரும்புதலை உடையவர் என்பது பொருள். ‘தெஷுவா’ என்னும் ஹீப்ருச் சொல்லையும் நம்முடைய ‘தவ்பா’வையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காதே உறவைக் கண்டுகொள்ளும். இரண்டுக்கும் அடிப்பொருள் திரும்புதல்தான். பாவமே செய்யாத நல்லோரும் நிற்க இயலாத உயரத்தில் திரும்பி வந்தவர் நிற்கிறார் என்னும் கருத்து தல்மூதில் உண்டு. பாலைவனத்தில் ஒட்டகத்தைத் தொலைத்து மீண்டும் கண்டவனின் மகிழ்ச்சியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாக்கிய ஹதீஸை அறிந்த நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

வட்டக்கானலில் அம்மாணவர் கண்ட காட்சி, பெரும்பாலும், ‘ஹபாத்’ என்னும் ஹஸிதிய யூத இயக்கத்தின் பணிமுறையைச் சார்ந்ததாகவே இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசின் எல்லைப்புறத்தில் ஷ்னேயூர் ஸல்மான் என்னும் ரப்பி தோற்றுவித்தது இது. ஹொக்மா, பீனா, தஅத் என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது அதன் பெயர். முதற்சொல் நம் ‘ஹிக்மத்’தின் உடன்பிறப்பு. 1951இல் நியூயார்க்கில் தலைமையேற்று 1994இல் மறைந்த மெனாஹம் மெண்டல் ஷ்னேயர்சன் காலத்தில்தான் அது உலகெங்கும் தூதர்களை அனுப்பும் இயக்கமாயிற்று. 1967 ஜூனில், போர் மூளுவதற்குச் சற்று முன்னர், ‘தெஃபில்லின்’ இயக்கத்தை அவர் தொடங்கினார். தவ்ராத் வசனங்கள் அடங்கிய சிறு தோல்பேழைகளை வாரால் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொண்டு தொழுவது யூத ஆண்களின் கடமை. வழிப்போக்கனை நிறுத்தி, ‘நீ யூதனா?’ என்று கேட்டு, ஆம் எனில் அவ்விடத்திலேயே அதைக் கட்டி ஒரு சிறு பிரார்த்தனையைச் சொல்லச் செய்வர். நம்பிக்கை உண்டா என்று கேட்பதில்லை. நாளை வருவாயா என்று கேட்பதில்லை. ஒரே ஒரு செயல். அதன் பின் ஒருவேளை ஷப்பாத் விருந்து. பிற மதத்தாரை அழைப்பதுமில்லை.

இவ்வழைப்பை வெளியிலிருந்து வருணித்த நூல்கள் பல உண்டு. அழைக்கப்படுபவனின் நெஞ்சிலிருந்து எழுதியவற்றுள், இந்திய மண்ணிலேயே நிகழ்வதாலும், எனக்கு முதன்மையாகப் படுவது ரோஜர் காமெனெட்ஸ் 1994இல் வெளியிட்ட ‘தாமரையில் யூதன்’. திபெத்தியரின் ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரத்துக்குத் தாமரையில் மணி என்று ஆங்கிலத்தில் வழங்கும் பொருளை வைத்து அவர் செய்த சொல்விளையாட்டு தலைப்பு. 1990 அக்டோபரில் ரப்பிகளும் அறிஞர்களுமாக எட்டு யூதர்கள் தர்மசாலாவுக்குச் சென்று தலாய் லாமாவுடன் உரையாடினர். கவிஞரான காமெனெட்ஸ் உடன்சென்று பதிவு செய்தவர். யூதனாகப் பிறந்தவர், யூத சமயம் தமக்கு என்ன செய்தது என்று அதுவரை தம்மையே கேட்டுக்கொள்ளாதவர்.

நாடிழந்து அகதியாகிவிட்ட ஒரு சமூகத்தின் தலைவர், ஈராயிரம் ஆண்டு நாடின்றி வாழ்ந்த சமூகத்தாரைப் பார்த்து, நீங்கள் அழியாமல் இருந்ததன் இரகசியம் என்ன என்று வினவுகிறார். நூலின் உயிர்நாடி இவ்வினாவே. கி.பி. 70இல் ஜெரூசலம் ஆலயம் இடிந்தபின் யவ்னேயில் கல்விக்கூடம் அமைத்து, பலிபீடத்தின் இடத்தில் பிரார்த்தனையையும் படிப்பையும் வைத்த வரலாற்றை ரப்பி இர்விங் கிரீன்பர்க் எடுத்துரைக்கிறார். சமயம் பிழைத்தது ஆலயத்தில் அன்று, வீட்டில்தான் என்று அவருடைய மனைவி புளூ கிரீன்பர்க் சொல்கிறார். பெண்களின் கையில் ஏற்றப்படும் வெள்ளி மாலை விளக்கையும், குழந்தைகள் கேள்வி கேட்கும் பாஸ்கா விருந்தையும் பற்றிய அந்தப் பேச்சு நம் வீடுகளில் ரமலான் சஹர் வேளையை நினைவூட்டாமல் இராது.

ஆனால் நூலின் உண்மையான நெருக்கடி வேறோரிடத்தில் நிகழ்கிறது. தர்மசாலாவில் யூதக் குழுவினர் தாமே எதிர்பாராத அளவுக்கு யூதர்களைச் சந்திக்கின்றனர். அவர்கள் புத்த பிக்குணிகளாகவும் திபெத்திய அறிஞர்களாகவும் இருக்கின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் அருகே சமயப் பற்றில்லாத யூதக் குடும்பத்தில் வளர்ந்த துப்தென் சோத்ரொன் தலையை மழித்து, காவியுடுத்தி அமர்ந்திருக்கிறார். இத்தகையோர் சொல்வது ஏறத்தாழ ஒன்றே: எங்களுக்கு வீட்டில் யூத அடையாளத்தைத் தந்தார்கள், யூத வழியைத் தரவில்லை; அழிந்துபோகாதே என்று சொன்னார்கள், எதற்காக வாழ்வது என்று சொல்லவில்லை. தியானத்தைக் கற்பிக்க எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. குழுவில் வந்திருந்த ஜோனதன் ஓமர்-மான் இக்குறையை மறுக்காமல், யூத மரபிலும் தியானம் உண்டு, கதவுகள்தாம் மூடிக்கிடக்கின்றன என்கிறார். ஒரு சமயத் தலைமை தன் வாயிலில் நின்று தன் பிழையை ஒப்புக்கொள்ளும் இப்பக்கங்களுக்காகவே நூலைப் படிக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இப்பயணம் புதிதன்று. பாரிஸில் 1878இல் பிறந்து பின்னாளில் புதுச்சேரியில் ‘அன்னை’யாக அறியப்பட்ட மீரா அல்ஃபாசா துருக்கி, எகிப்து நாட்டு யூதப் பெற்றோரின் மகள்; சமய நம்பிக்கையற்ற வீடு அது. போலந்து யூதரான மாரிஸ் ஃபிரீட்மன் பொறியாளராக இந்தியா வந்து திருவண்ணாமலையில் ரமணரிடம் அமர்ந்தார். அதே ஆசிரமத்தில் இராக்கிய யூதரான எஸ்.எஸ். கோஹனும் இருந்தார். நம் பக்கத்துக்கு வந்தவர்களும் உண்டு. ரப்பியின் பேரனாய் 1900இல் லெம்பர்க்கில் பிறந்த லியோபோல்ட் வைஸ் 1926இல் முஹம்மத் அஸத் ஆனார். நியூயார்க் மாநிலத்தில் 1934இல் பிறந்த மார்கரெட் மார்கஸ் 1961இல் மர்யம் ஜமீலா ஆகி, மறுவருடம் லாகூர் சென்று, 2012இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். இவ்விருவரையும் நாம் நம் வெற்றிப் பட்டியலில் எழுதிவைத்துக்கொண்டோம். அவர்களைப் பிறந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட்ட கேள்வி நம் வீடுகளிலும் எழுகிறதா என்று பார்த்தோமா என்பது எனக்கு ஐயமே.

கதவு மூடிக்கிடப்பதாக ஓமர்-மான் சொன்னதை ஒட்டி, நூல் தன் மையத்துக்குக் கொண்டுவராத ஒன்றை இவ்விதழ் வாசகர் அறிந்திருப்பது நல்லது. அக்கதவுகளுள் ஒன்று அரபு மொழியில் திறந்தது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சரகுஸ்தாவில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா என்னும் யூத அறிஞர் ‘அல்-ஹிதாயா இலா ஃபராயிழில் குலூப்’ என்று, உள்ளத்தின் கடமைகளைப் பற்றி அரபியில் நூல் செய்தார். அதன் ஏழாம் வாயில் தவ்பாவைப் பற்றியது. சூஃபிகளின் சொற்களும் படிநிலைகளும் அதில் தாராளமாக வருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஹீப்ருவுக்குப் பெயர்க்கப்பட்ட பின் யூத உலகெங்கும் அது பக்தி நூலாயிற்று. அதன் தாய்மொழியைப் பலர் மறந்தனர். மைமொனிடீஸ் என ஐரோப்பா அழைக்கும் மூஸா இப்னு மைமூனின் மகன் இப்ராஹீம் (இறப்பு 1237) எகிப்தில் யூத சமூகத்தின் தலைவராயிருந்தவர். தம் ‘கிஃபாயத்துல் ஆபிதீன்’ நூலில் சூஃபிகளை வெளிப்படையாகப் புகழ்ந்து, பண்டைய இறைத்தூதர்களின் வழக்கத்தை அவர்களே காத்துவருகின்றனர் என்றார். தொழுகையில் ஸுஜூதையும் வரிசையாய் அமர்தலையும் மீட்க முனைந்தார். எதிர்ப்பாளர்கள் சுல்தானிடமே முறையிட்டனர். யூதர்களை அனுஷ்டானத்தின் உட்பொருளுக்குத் திருப்ப முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் முஸ்லிம் அயலாரைப் பார்த்தே அதைச் செய்தார் என்பது இன்று இரு தரப்புக்குமே சங்கடம் தரும் செய்தி.

இங்கே ஜெர்மானியத் தத்துவவாதி ஃபிரான்ஸ் ரோஸன்ஸ்வைக் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவத்துக்கு மாறும் விளிம்பில் நின்று 1913இல் மனம் மாறி, 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சமயம் மறந்த யூதர்களுக்கெனக் கல்விக்கூடம் அமைத்தவர். தெஃபில்லின் அணிவதுண்டா என்று கேட்டவருக்கு, இன்னும் இல்லை என்று விடை கூறியதாகச் சொல்வர்; இல்லை என்னாது ‘இன்னும்’ என்றதில் அவருடைய முழு வழிமுறையும் அடங்கியிருக்கிறது. இத்தகு நுண்மையாளர் தம் பெருநூலில் இஸ்லாத்தைப் பற்றி எழுதிய பகுதிகள் மட்டும் கேலிச்சித்திரமாக முடிந்தன. தன் வீட்டுக்குத் திரும்புகிறவன் அயல்வீட்டைக் குடிசையாக வரைந்துகொள்ள வேண்டுவதில்லை.

இனி என் மறுப்புக்கு வருகிறேன். காமெனெட்ஸின் நூலுக்குத் துணைத்தலைப்பு யூத ‘அடையாளத்தை’ ஒரு கவிஞர் மீளக் கண்டடைதல் என்று பேசுகிறது. சொல் தற்செயலானதன்று. அழிவின் நிழலில் வாழ்ந்த சமூகம் பிழைத்திருத்தலையே பேறாகக் கொள்வதை நான் குறை கூற மாட்டேன்; ஆறு மில்லியன் உயிர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் திரும்புதல் என்பது பிழைத்திருத்தலுக்குக் கருவியாகும்போது, எவனிடம் திரும்புகிறோமோ அவன் பின்னுக்குப் போகிறான். இரகசியம் என்ன என்ற கேள்விக்கு நூலில் வரும் விடைகளில் வீடு வருகிறது, நினைவு வருகிறது, கல்வி வருகிறது; இறைவன் அவ்வப்போதுதான் வருகிறான். அடையாளமே இலக்கு எனில் எல்லைக்கு வெளியே நிற்பவனின் துயரம் கண்ணில் படாது. நாடிழந்த திபெத்தியருக்காக மனமுருகிய அந்த உரையாடல் நிகழ்ந்த அதே 1990 அக்டோபரில் ஜெரூசலத்தில் அல்-அக்ஸா வளாகத்தில் 17 பேருக்குக் குறையாத பலஸ்தீனர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1948இல் வீடிழந்தவர்களின் நாடிழப்பு தர்மசாலாவின் மையக் கேள்விகளுள் ஒன்றாகவில்லை.

இதைச் சொல்ல நான் குர்ஆனை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. யூத சட்டமே போதும். இப்னு மைமூன் தம் ‘மிஷ்னே தோரா’வில் தெஷுவாவுக்கெனத் தனிப் பகுதி வகுத்திருக்கிறார். மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவத்தைப் பரிகார நாள் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, பாதிக்கப்பட்டவனின் மனத்தை ஆற்றாதவரை அந்நாளும் போக்காது என்பது அவர் தீர்ப்பு. கொடுத்துத் தீர்த்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் இறந்துவிட்டாலோ, பத்துப்பேரை அழைத்துச் சென்று அவன் கல்லறையின் முன் நின்று குற்றத்தைச் சொல்ல வேண்டும். ‘இஹ்யா’வின் தவ்பா பாகத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அடியார்களின் உரிமைகள் குறித்து வகுத்திருப்பதோடு இதை ஒப்பிடுவோர், இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்களோ என்று வியப்பர்.

வட்டக்கானல் மேசைக்கு இவ்விதியைக் கொண்டுவருவோம். 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்ட இஸ்ரேலியக் குடிமக்களின் உறவினன் அங்கே வரலாம். அவனுக்கு அப்பமும் ஆறுதலும் தேவை. அதன்பின் காஸாவில் பல்லாயிரவர் மடிந்த போரில் துப்பாக்கி ஏந்திவிட்டு வந்தவனும் அதே மேசைக்கு வரலாம். அவன் கையில் வாரைக் கட்டி, ஒரு பிரார்த்தனையைச் சொல்லச் செய்து, யூதனாகத் திரும்பிவிட்டாய் என்று தோளைத் தட்டுவது எளிது. அந்தக் கை என்ன செய்தது என்று கேட்பது அரிது. நம்பிக்கையைக் கேட்காமல் ஒரு செயலை மட்டும் கேட்பதில் ஹபாத்தின் வெற்றி இருக்கிறதென்றேன். இந்த மௌனமும் அந்த வெற்றியில் சேர்ந்ததே. கேள்வி கேட்டால் கூட்டம் குறையும்.

இம்மேசைகளின் மீது நம் பெயரால் குண்டு வீசப்பட்டது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2003இல் மும்பைக்கு வந்து கொலாபாவில் வழிப்போக்க யூதருக்கு உணவும் தங்குமிடமும் தந்துவந்த கேப்ரியல் ஹோல்ட்ஸ்பர்க்கும் மனைவி ரிவ்காவும் 2008 நவம்பர் தாக்குதலில் நரிமன் இல்லத்தில் விருந்தினரோடு கொல்லப்பட்டனர். இரண்டு வயது மகனை வளர்ப்புத்தாய் காப்பாற்றினார். கொல்லப்பட்ட ஒன்பது கொலையாளிகளைத் தம் கபரஸ்தானில் அடக்க மும்பை முஸ்லிம்கள் மறுத்தார்கள். நமக்கு அன்று இருந்த ஒரே ஆறுதல் அது. 2016இல் கேரளத்தில் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்த சிலர்மீதான வழக்கில் வட்டக்கானலின் பெயரும் அடிபட்டது. வழிபாட்டுக்குக் கூடியிருப்பவனைக் கொல்வது காஸாவுக்குச் செய்யும் கைம்மாறு என்று எண்ணுகிறவனுக்கும் மார்க்கத்துக்கும் தொடர்பில்லை. நான் மேலே வைத்த கேள்வி, வாதத்தின் கேள்வி. அதை ஆயுதமாக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்தியாவிலேயே வேறொரு திரும்புதல் நடந்திருக்கிறது. அதில் இவ்வளவு ஆரவாரமில்லை. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்துவந்த பெனே இஸ்ரேல் சமூகத்தார், சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ எனப்பட்டனர். விருத்தசேதனமும் ஷெமா என்னும் ஏகத்துவ உறுதிமொழியும் நினைவில் நின்றன. ஏனைய சட்டங்கள் மறந்துபோயிருந்தன. கொச்சியிலிருந்து வந்த தாவீது ரஹாபி அவர்களை அடையாளங்கண்டு, அவர்களுள் மூவரைப் பயிற்றுவித்து, சமய வழிகாட்டிகளாக அமர்த்தினார் என்பது அச்சமூகத்தின் மரபுரை. அவருடைய காலம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழிகாட்டிகளுக்கு இட்ட பெயர் ‘காஜி’, நம்முடைய காஜிதான். 1796இல் மும்பையில் அவர்களின் முதல் ஜெபாலயத்தை எழுப்பிய சாமுவேல் திவேகர், திப்பு சுல்தானின் சிறையிலிருந்து மீண்டவர் என்பர். இச்சமூகத்தார் இஸ்ரேலில் குடியேறியபின், 1960களின் தொடக்கத்தில், அவர்கள் யூதர்தாமா என்று அங்குள்ள ரப்பிகள் ஐயுற்றுத் திருமணத்துக்குத் தடை எழுப்பினர். போராடி 1964இல்தான் உரிமை பெற்றனர். செக்கடியில் ஷெமாவை மறக்காதவர்களிடம் சான்று கேட்டார்கள்!

மாணவரின் ஒப்புமைக்குத் திரும்புவோம். 1920களில் மேவாத்தில் மௌலானா முஹம்மத் இல்யாஸ் (ரஹ்) தொடங்கிய தப்லீக் பணிக்கும் ஹபாத்துக்கும் இடையே, அறிந்தவரை, கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை. இரண்டும் தம் சமூகத்தாரை மட்டுமே அழைக்கின்றன. வாதிடாமல் ஒரு செயலுக்கு அழைக்கின்றன. அழைக்கச் செல்பவனே முதலில் திருந்துகிறான் என்று நம்புகின்றன. கலிமா தெரியாதிருந்த மேவாத் கிராமங்கள் தொழுகையாளிகளின் ஊர்களானது சிறு செயலன்று. துவாக்குடி விடுதிகளில் தங்கிப் பயிலும் எத்தனையோ பிள்ளைகளை, தேர்வு நெருக்கடியிலும் தனிமையிலும் தாங்கிப் பிடித்தது மஃரிபுக்குப் பின் தஸ்தர்கானில் பகிர்ந்த சோறுதான். ஷப்பாத் மேசையின் பொருள் எங்களூர்ப் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகாது.

ஆகவே ஹபாத்திடம் கேட்ட கேள்வியை இங்கும் கேட்கலாம். எங்கள் பகுதியில் சிறு வணிகர் ஒருவர் நாற்பது நாள் ஜமாஅத் போய்வந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் மனையையும் கடையையும் தம் பெயரில் வைத்துக்கொண்டு, தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்றிருந்தவர். திரும்பி வந்த மறுவாரம் தங்கையின் வீட்டுக்குப் போய், உன் பங்கை இத்தனை வருடம் நான் தின்றுவிட்டேன் என்று சொல்லி அழுதிருக்கிறார். இரண்டு மாதத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவள் பங்கு அவள் பெயருக்கு மாறியது. மனைவி மக்களுக்கு அதில் மனத்தாங்கல், கடை பாதியாயிற்று. அடுத்த வாரம் பள்ளிவாசலில் ‘கார்குஸாரி’ சொன்னார்கள். எத்தனை ஊர், எத்தனை வீடு, எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுந்து நின்று வரிசையாக ஒப்பித்தார். அந்த வணிகர் பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனையின் பேச்சு எழவில்லை, அவரும் எழுப்பவில்லை.